ஏறுதலும் நிற்றலும்

மனிதப் பிறவி முயற்சிக்கென்றே வாய்த்தது. உயர்ந்ததைக் கண்டால் அதை எட்டிவிட விரும்புவது மனித இயல்பு. உலகின் மிக உயர்ந்த சிகரமான எவரெஸ்ட் 8,848 மீற்றர் உயரமுடையது. 1953 மே 29ஆம் திகதி டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் அதன் உச்சியில் நின்றனர். டென்சிங் அங்கே பனியைத் தோண்டி இனிப்புகளைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக இட்டார். 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால அச்சிகரத்தை அடைந்த முதல் இலங்கையரானார். அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ் உச்சிக்குச் சுமார் 400 மீற்றர் கீழே ஒட்சிசன் தட்டுப்பாட்டால் திரும்ப நேர்ந்தது. 2018இல் அவர் மீண்டும் சென்று வென்றார். இத்தகைய விடாமுயற்சி போற்றுதற்குரியது.

எனினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. ஏறும் வல்லமை இருப்பதனாலேயே ஏறும் உரிமையும் வந்துவிடுமா?

உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரம் 8,586 மீற்றர் உயரமுள்ள காஞ்சன்ஜங்கா. சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம். 1955 மே 25இல் ஜோ பிரவுண், ஜோர்ஜ் பாண்ட் என்னும் ஆங்கிலேயர் இருவர் முதன்முதலாக அங்கே ஏறினர். உச்சிக்குச் சில அடிகளே இருந்தன. அம்மக்களின் நம்பிக்கைக்கு மதிப்பளித்து, அவ்விடத்திலேயே நின்று திரும்பினர். அந்தச் சில அடிகளால் அவர்களது புகழ் குறையவில்லை.

எம்பெருமான் உறையும் திருக்கயிலை 6,638 மீற்றர். எவரெஸ்டைவிடச் சுமார் 2,200 மீற்றர் தாழ்ந்தது. ஆயினும் அடியார்கள் அதன்மேல் ஏறுவதில்லை. சுமார் 52 கிலோமீற்றர் தூரம் நடந்து வலம்வருகின்றனர். நம் மன்னார் மண்ணின் திருக்கேதீச்சரத்தைப் பாடிய திருஞானசம்பந்தப் பெருமான், இராவணன் கயிலையைப் பெயர்க்க முயன்று விரலால் அடர்க்கப்பட்டதைத் தம் பதிகங்களில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கின்றார். இராவணனிடம் வலிமைக்குக் குறைவில்லை, வரம்பறிதலே குறைவு. அப்பர் சுவாமிகளோ கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் புரண்டும் கயிலையை நாடினார். மலையை அடையுமுன்னரே இறைவன் தடுத்தான். அவனது ஆணைப்படி பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார்.

மலையே இல்லாத மறிச்சுக்கட்டியில் வாழ்வோருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். ஆலயத்தில் கருவறை வாயிலைத் தாண்ட ஓரடி போதும். ஆனாலும் அடியார் அங்கே நிற்கின்றார். அது இயலாமையன்று, பக்தி. வயலிலும் அவ்வாறே. அயலவனின் வரம்பை ஒரு மண்வெட்டி அளவு வெட்டித் தள்ள வலிமையுள்ளவனுக்கு ஒரு பொழுது போதும். அயலவன் ஊரில் இல்லாத காலத்தில் கேட்பாரும் இல்லை. அப்போதும் வெட்டாமல் நிற்பவனே கருவறை வாயிலில் உண்மையாக நின்றவன்.

கல்வியிலும் தொழிலிலும் நம் பிள்ளைகள் எவ்வளவு உயரமும் ஏறட்டும். பிறருடைய உரிமையும் இறைவனுடைய சந்நிதியும் தொடங்குமிடத்தில் நிற்கவும் பழகட்டும். அதற்கு எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.