எது தேய வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் குமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு, அருமனை ஊர்க்காரர்கள் இல்லாத நாள் அபூர்வம். துபாயிலும் மஸ்கட்டிலும் உழைக்கப் போகும் அந்தப் பிள்ளைகளைத் தூக்கிச் செல்லும் போயிங் 737 விமானங்கள் பலவற்றில் இருப்பது சிஎஃப்எம்56 என்ஜின். அதன் நடுவயிற்றில் விரல் நீள உலோகத் துண்டுகள் ஒரு சக்கரத்தைச் சுற்றிச் செருகப்பட்டு, நிமிடத்துக்கு 14,000 சுற்று வாக்கில் சுழல்கின்றன. டர்பைன் பிளேடு என்பது இதுதான். இன்றைய என்ஜின்களில் இந்தத் துண்டின் மேல் வந்து அடிக்கும் வாயு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உலோகமோ 1,350 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கிவிடும். அதோடு சுழற்சியின் வேகம் ஒவ்வொரு பிளேடையும் பல டன் எடையாக வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்.

அது ஏன் உருகவில்லை என்று கேட்பவர்கள் சிலர் உண்டு. உருகாமல் அதை ஆண்டுக்கணக்கில் யார் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

1941 மே 15 அன்று, ஃபிராங்க் விட்டில் வடிவமைத்த என்ஜினோடு பிரிட்டனின் முதல் ஜெட் விமானம் பறந்தது. ஜெட் என்ஜின் என்ற எண்ணம் முன்பே இருந்தது. அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகம்தான் இல்லை. நிக்கலோடு குரோமியம் கலந்து, கொஞ்சம் டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்து அந்த ஆண்டுகளில் உருவாக்கிய நிமோனிக் வகைக் கலவைகள் அந்த இடத்தை நிரப்பின. இன்று சூப்பர் அலாய் என்று சொல்லும் பெரிய குடும்பத்தின் மூத்த பிள்ளைகள் அவை. நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டங்களாகப் படிகின்றன. சாதாரண உலோகம் சூடேறச் சூடேற இளகும். இந்தக் கட்டங்கள் ஓர் அளவு வரை சூடேறச் சூடேற உறுதியாகும். இயற்கை தந்த இந்த விந்தையின் மேல்தான் விமானப் பயணம் முழுவதும் நிற்கிறது.

ஆனால் உறுதி வேறு, ஆயுள் வேறு. அத்தனை உறுதியான உலோகமும் அந்தச் சூட்டில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு முறை விமானம் ஏறி இறங்கும்போதும் சூடேறி ஆறி நுண்ணிய விரிசல் விடும். ஆக்சிஜன் மேற்பரப்பைத் தின்னும். கடலோரக் காற்றில் உப்பு இருந்தால், அது எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி, உருகிப் படிந்து, பிளேடை உள்ளே அரித்துக்கொண்டு போகும். போர்க்கப்பல்களின் டர்பைன்களுக்கு இது தீராத தொல்லை. எனவே உறுதியை உலோகத்திடம் விட்டுவிட்டு, ஆயுளை வேறொன்றிடம் ஒப்படைத்தார்கள். அதுதான் பூச்சு.

முதல் அடுக்கு அலுமினியம் நிறைந்தது. பிளேடை அலுமினியம் கலந்த பொடிக்குள் புதைத்துச் சூடாக்கினால் அலுமினியம் மேற்பரப்புக்குள் ஊறி இறங்கும். என்ஜினுக்குள் போனதும் ஆக்சிஜனோடு சேர்ந்து அலுமினாவாகும். சில மைக்ரான் தடிமன்தான். ஆனால் ஆக்சிஜன் அதற்குமேல் உள்ளே நுழைவது மிகவும் கடினம். சூடும் ஆறுதலும் மாறி மாறி வரும்போது அந்தப் படலம் வெடித்து உதிரும். உடனே கீழிருந்து அலுமினியம் மேலே வந்து புதுப் படலம் கட்டும். மறுபடி உதிரும், மறுபடி கட்டும். கையிருப்பு தீரும் நாள்வரை இது ஓயாமல் நடக்கும். தீர்ந்த பிறகு அடி உலோகத்தின் முறை.

அதற்கு மேலே வெண்மையான இன்னொரு அடுக்கு: சிர்கோனியா என்ற பீங்கான், கால் மில்லிமீட்டர் அளவில். உள்ளே குளிர்காற்று ஓடும் பிளேடின் மேல் இதைப் பூசினால், உலோகம் உணரும் சூடு நூறு டிகிரிக்கும் மேல் குறையும். குளிர்காற்று என்று சொல்லப்படுவதும் கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு அறுநூறு டிகிரி வரை சூடேறிய காற்றுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த இடத்தின் கொடுமை புரியும். தூய சிர்கோனியா சூடேறி ஆறும்போது பருமன் மாறிப் பொடிந்துவிடும். எடையில் ஏழெட்டு சதவீதம் இட்ரியா சேர்த்தால் அது அடங்கி நிற்கும் என்பது 1970களில் நாசாவில் தெளிவாயிற்று. இன்றுவரை அதை முழுதாக வெல்லும் பூச்சு பரவலாக வரவில்லை.

சிர்கோனியா எங்கோ இருக்கும் பொருள் என்று குமரி மாவட்டத்துக்காரர் யாரும் நினைக்க வேண்டியதில்லை. அதன் தாது சிர்கான், நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் காஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியத்தைத் தேடி அந்தக் கரைக்கு வந்தார். பின்னால் அந்த மணல் தொழில் இந்திய அரிய மணல் ஆலையின் கைக்குப் போயிற்று. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் என்று மணல் அங்கே பிரிக்கப்படுகிறது. சிர்கானிலிருந்து சிலிக்காவை நீக்கினால் சிர்கோனியா. அந்த மணலுக்கும் விலை உண்டு. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து நிற்கும் கரையோர மக்களின் அச்சத்தை, வளர்ச்சிக்குத் தடை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஒரு பிளேடின் தோலுக்காக ஒரு கரையின் தோல் உரியலாமா என்பது நேர்மையான கேள்வி.

மணலிலிருந்து பிறந்த இந்தக் காப்புக்கு எமனும் மணலே. பாலைவனத் தூசியும் எரிமலைச் சாம்பலும் என்ஜினுக்குள் போனால் 1,200 டிகிரியை ஒட்டி உருகிக் கண்ணாடியாகும். கால்சியமும் மக்னீசியமும் அலுமினாவும் சிலிக்காவும் கலந்த அந்தக் குழம்பு, பீங்கானின் நுண்துளைகளில் இறங்கி இறுகும். நெகிழ இடமில்லாத பீங்கான் தகடு தகடாகப் பெயரும். 1982 ஜூன் 24 அன்று லண்டனிலிருந்து பம்பாய், கோலாலம்பூர் வழியாக வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று, ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்ததில் அதன் நான்கு என்ஜின்களும் நின்றுபோயின. கீழே இறங்கி இறங்கி, ஒட்டியிருந்த கண்ணாடி ஆறி உதிர்ந்த பிறகே என்ஜின்கள் மறுபடி உயிர் பெற்றன. வளைகுடா வானத்தில் இவ்வளவு பெரிய விபரீதம் நடப்பதில்லை. தினந்தோறும் ஒரு சிட்டிகை தூசி, அவ்வளவுதான். அந்தச் சிட்டிகைகளால்தான் அந்த வழித்தட என்ஜின்கள் சீக்கிரம் பணிமனைக்குப் போகின்றன.

குலசேகரத்தில் இந்தப் பூச்சின் வேலையைப் புரிய வைக்க ரப்பர் மரத்தைக் காட்டினால் போதும். விடிவதற்கு முன் தோட்டத்துக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளியின் கத்தி, பட்டையை ஒரு நூல் அளவுக்குச் சீவுகிறது. பால் ஓடும் குழாய்கள் தடியை ஒட்டிய பட்டையில்தான் அடர்ந்திருக்கின்றன. அதற்காகத் தடிவரை போய்விட்டால் மரத்தில் முண்டு விழும். பிறகு அந்தப் பக்கம் பட்டை ஒழுங்காக வளராது, வெட்டவும் முடியாது. "பட்டையத்தான் சீவணும், தடியத் தொடப்பிடாது" என்பது தொழிலின் முதல் பாடம். மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கட்டி நீர் இறங்காமல் மறைப்பதும், வெட்டிய இடத்தில் மருந்து பூசுவதும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. மரத்தின் முப்பது ஆண்டு வருமானமும் பட்டையை எவ்வளவு மெதுவாகச் செலவழிக்கிறோம் என்பதில் இருக்கிறது. மரத்துக்கு ஒரு வரம் உண்டு. வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் தானாகத் திரும்ப வளரும். பிளேடுக்கு அந்த வரம் இல்லை. அதன் பட்டையை மனிதர்தான் உரித்து மனிதர்தான் திரும்ப வளர்க்க வேண்டும்.

அந்த வேலையின் அருமை வெளியே தெரிவதில்லை. என்ஜினைப் பிரிக்காமலே போரஸ்கோப் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். கழற்றிய பிறகு பீங்கானை நீக்கி, அமிலத்தில் இட்டு அலுமினியப் பூச்சைக் கரைப்பார்கள். ஒளிரும் சாயத்தைத் தடவிப் புற ஊதா வெளிச்சத்தில் பிடித்தால், தலைமுடியைவிட மெல்லிய விரிசலும் பச்சைக் கோடாக எழுந்து நிற்கும். மிச்சமிருக்கும் சுவரின் தடிமனை ஒலியலையால் அளப்பார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான சங்கடம். விரிசலுக்குள்ளும் அலுமினா படர்ந்திருக்கும். மேற்பரப்பில் உயிர் காத்த அதே படலம், விரிசலுக்குள் எந்த உலோகத்தையும் ஒட்டவிடாது. சாதாரண உலையில் ஹைட்ரஜனைச் செலுத்தினாலும் அது அசையாது. ஹைட்ரஜனோடு ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய வாயுவையும் சேர்த்து ஆயிரம் டிகிரி வாக்கில் கழுவியெடுத்தால்தான் விரிசலின் அடி சுத்தமாகும். பிறகு போரான் கலந்த நிக்கல் பொடியை வைத்து வெற்றிட உலையில் உருக்கினால், அது விரிசலுக்குள் வழிந்து நிரம்பும். போரான் சுற்றியிருக்கும் உலோகத்துக்குள் ஊறிப் போய்விட, நிரப்பிய இடம் மெல்ல உறையும்.

வெல்டிங் செய்யலாமே என்று கேட்கலாம். எந்த அலுமினியமும் டைட்டானியமும் இந்த உலோகத்துக்கு உறுதி தந்தனவோ, அவையே அதை வெல்டிங்குக்கு ஆகாததாக்குகின்றன. வெல்டிங் செய்து, பிறகு வெப்பப் பதம் கொடுக்கும்போது பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். அதனால் பிளேடின் தேய்ந்த நுனியை மட்டும் லேசரால் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்புவார்கள். இழுவிசை கடுமையாக இருக்கும் அடிப்பகுதியில் விரிசல் என்றால் பெரும்பாலும் கை வைப்பதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத சேதத்துக்கு வேறு வைத்தியம். உள்ளே உருக்குலைந்த நிக்கல்–அலுமினியக் கட்டங்களை உயர்வெப்பத்தில் கரைத்து மறுபடி படிய வைப்பார்கள். உள்ளிருக்கும் நுண்குழிகளை ஆர்கான் வாயுவின் ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தம் மூடிவிடும். மேற்பரப்பு வரை வாய் திறந்த விரிசலை அந்த அழுத்தம் மூடாது. வாயு உள்ளேயும் புகுந்துவிடும். கடைசியில் புதுப் பூச்சு, அடைபட்ட குளிர்காற்றுத் துளைகளைத் திறப்பது, காற்றோட்டச் சோதனை, எடைச் சமன்.

இத்தனையையும் கூர்ந்து பார்த்தால் ஒரு கணக்கு புலப்படுகிறது. பழைய பூச்சைக் கரைக்கும் ஒவ்வொரு முறையும் அடி உலோகத்திலும் ஒரு மெல்லிய படலம் கூடவே போகிறது. பூச்சு உலோகத்துக்குள் ஊறித்தானே பிடித்திருந்தது. ஆகவே சுவர் மெலிந்துகொண்டே வருகிறது. ஒரு பிளேடை எத்தனை முறை பழுதுபார்க்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. சீர் செய்வதும் ஒருவகைச் செலவுதான். பாதுகாப்பு என்றால் தேய்மானத்தை நிறுத்துவது என்றே பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். நெருப்புக்கு நடுவே எதுவும் தேயாமல் இருக்க முடியாது. எது தேயலாம், எது தேயக்கூடாது என்று முன்கூட்டியே பிரித்து வைக்க மட்டுமே மனிதனால் ஆகும். தேய ஒப்புக்கொடுத்ததை அடி தொடப்படுவதற்கு முன் புதுப்பித்துவிட வேண்டும். தாமதித்தால் பூச்சோடு போயிருக்க வேண்டிய சேதம் உலோகத்துக்குள் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு திறமையாலும் பழைய சுவர் திரும்பாது. அதனால்தான் அந்தப் பணிமனையில் சரியான நேரத்தில் உரிக்கச் சொல்பவரும், ஒரு கட்டத்தில் "இனி இது வேண்டாம்" என்று பிளேடை ஒதுக்கி வைப்பவரும் எனக்கு உயர்ந்த அறிவாளிகளாகத் தெரிகிறார்கள். உறுப்புகளாயினும் உறவாயினும் ஊரின் மண்ணாயினும், நாம் இழந்தவற்றில் பெரும்பாலானவை பலவீனத்தால் போனவை அல்ல. வெளித்தோல் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் யாரும் பார்க்காததால் போனவை.

நம் நாட்டில் புதிதாகச் செய்வதற்கு இருக்கும் மதிப்பு பழுதுபார்ப்பதற்கு இல்லை. போர் விமானத்துக்காக நாமே உருவாக்க முனைந்த காவேரி என்ஜின் ஏன் தாமதமானது என்று பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிகப் பிளேடுகள் அறுபதை எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு வழங்கியதாக 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது, பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் செய்த பிளேடை இருபது ஆண்டு வாழவைக்கும் கைகள் விசாகப்பட்டினத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். எக்சிலாவிலும், கோராபுட்டில் எச்.ஏ.எல். என்ஜின் பிரிவிலும் ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவர்களைப் பற்றி யாரும் பாராட்டுக் கூட்டம் போடுவதில்லை. புதிதாகச் செய்பவருக்கு ஓர் உலோகத்தின் நல்ல நாட்கள் மட்டும் தெரிந்தால் போதும். பழுதுபார்ப்பவருக்கு அதன் கெட்ட நாட்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதே கடினமான கல்வி என்பது என் தீர்மானமான எண்ணம்.

குமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்கு வெளியே பார்க்கும் பெற்றோர்தான் குறைவு. சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. மூன்றிலும் உலோகவியல் படிப்பு இருக்கிறது. திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இயங்குகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை உலோகம் படிக்க வேண்டும், பழுதுபார்க்கக் கற்க வேண்டும் என்று கேட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.