பேசும்போது காது கேட்காது

வைஃபை அடாப்டரைக் கணினியில் செருகியதும் அதன் முதல் வேலை கேட்பதுதான். சுற்றியுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் நொடிக்கு ஏறக்குறையப் பத்துத் தடவை தன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. புதிதாக வந்த அடாப்டர் ஒவ்வொரு சேனலிலும் சற்று நேரம் நின்று அந்தப் பெயர்களைப் பொறுக்குகிறது. திரையின் மூலையைத் தட்டினால் விரிகிற பட்டியல் அப்படிச் சேர்ந்ததுதான். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குள் உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். தெருவே திரைக்குள் வந்துவிடும்: நகைக்கடை, சாப்பாட்டுக் கடை, மாடியில் இருக்கும் விடுதி, பூக்கடைக்காரரின் கைப்பேசி.

தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதையும் அது கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. வானொலி அலைக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மலேசியாவில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் வழக்கத்தில் இருப்பவை 11. எங்கோ ஒரு தொழிற்சாலையில் பெட்டிக்குள் அடைபட்டு வரும் அடாப்டர்கள் பலவற்றுக்கு இறங்கிய ஊர் எதுவென்று தெரியாது. தெரியாதவரை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பல சேனல்களில் அவை வாய் திறப்பதில்லை. ரௌட்டர்கள் பெயரோடு சேர்த்து நாட்டின் இரண்டெழுத்துக் குறியையும் அனுப்பலாம். அதைக் கேட்ட பிறகே அடாப்டர் பேசத் துணிகிறது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் கட்டிய ஊரில் பிறந்தவன் நான். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இங்குள்ள பழைய கடைவீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் வடிவம் மறக்காது. வாசல் குறுகல், உள்ளே ரயில் பெட்டிபோல நீளம், நடுவில் வானம் தெரியும் முற்றம், கடைசியில் அடுக்களை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய கனத்த சுவர்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பின் இவ்வட்டாரத்துக் கட்டடங்களை நினைத்தபடி இடிக்கவோ மாற்றவோ முடியாது. பினாங்கு தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர் கணக்குக் கணினியை முன்கூடத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார். கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்க அவருக்கு மனமில்லை. சின்ன யுஎஸ்பி அடாப்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

இந்த வேலையில் பலரும் முதலில் முட்டுவது, அடாப்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான். பெட்டிக்குள் ஒரு குட்டி சிடி இருக்கும். இன்றைய கணினியில் சிடி போட இடமே இருக்காது. டிரைவரை இணையத்தில் எடுக்கலாம் என்றால் இணையத்துக்கு அடாப்டர் வேண்டும், அடாப்டருக்கு டிரைவர் வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் இணையத்தைக் கொஞ்ச நேரம் கடன் வாங்குவதுதான் எளிய வழி. பெட்டியின் மேல் இருக்கும் மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. அதே பெயரில், அதே உருவத்தில் வரும் இரண்டு அடாப்டர்களுக்குள் வெவ்வேறு சிப் இருக்கலாம். அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்க்க வேண்டும். அல்லது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் பெயரைத் திறந்து, உள்ளே இருக்கும் அடையாள எண்ணைப் படிக்க வேண்டும்.

டிரைவர் ஏறியது. பெயர் தெரிந்தது. பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. பாஸ்வேர்ட் காற்றில் போவதே இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ரகசியத்தைச் சொல்லாமலே, அது தமக்குத் தெரியும் என்று இரு தரப்பும் ஒன்றுக்கொன்று நிரூபிக்கின்றன. எல்லாம் முடிந்தும் இணையம் மட்டும் வரவில்லை. முகவரியைப் பார்த்தேன்: 169.254 என்று தொடங்கியது. எனக்கொரு முகவரி கொடுங்கள் என்று கேட்டுப் பதில் வராமல், கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் முகவரி அது.

சிக்னல் கோடுகள் நன்றாகவே இருந்தன. கணினியின் பின்புறம் குனிந்து பார்த்தால், அடாப்டருக்கு ஒட்டினாற்போல் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வகை யுஎஸ்பி வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே இரைச்சல் எழுப்புகிறது. 2012-இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ரௌட்டர் முகவரி கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அடாப்டரின் காதுக்குள் இரைச்சல். நீட்டிப்புக் கேபிள் ஒன்றைப் போட்டு அடாப்டரை மேசையின் மறுமுனைக்கு நகர்த்தினேன். உடனே முகவரி வந்தது.

இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் ஆலை திறந்தது இந்தத் தீவில், பாயான் லெப்பாஸில், 1972-இல். அதற்கு முந்திய ஆண்டுகளில் துறைமுகத்தின் வரியில்லாத் தகுதி போய், வேலையில்லாமல் ஊர் தவித்தது. லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த அந்த நாளில்தான் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்தது. கடைவீட்டுப் பெண்பிள்ளைகள் பலர் அங்கே நுண்ணோக்கிக்குக் கீழே சிப்புக்குக் கம்பி வைத்துச் சம்பாதித்தார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வைஃபை இல்லாமல் ஒரு மாலைப்பொழுது போகாது.

அந்த இரைச்சலைப் பற்றி யோசிக்கும்போதுதான் இந்தக் கருவியின் ஆழமான குறை எனக்கு விளங்கியது. ஒரு ரௌட்டர் 100 மில்லிவாட் வலுவில் அலையை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டில் சிக்னல் அளவு கழித்தல் 70 டிபிஎம் என்று காட்டினால், அந்த வலுவில் 100 கோடியில் ஒரு பங்குதான் வந்து சேர்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டே நாம் படம் பார்க்கிறோம், பணம் அனுப்புகிறோம். இவ்வளவு நுண்ணிய ஒலியைக் கேட்க வேண்டிய கருவி, தான் பேசும்போது அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு உரத்துப் பேசுகிறது. அதன் குரலே அதன் காதை அடைத்துவிடுகிறது. பேசும் அந்தக் கணத்தில் எதிரே யார் பேசினாலும் அதற்குக் கேட்காது. தன் பேச்சு இன்னொருவர் பேச்சோடு மோதிச் சிதறியதுகூடத் தெரியாது.

கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கு இந்தத் துயரம் இல்லை. அதன் பழைய வடிவத்தில், பேசிக்கொண்டே மோதலைக் கண்டுபிடித்து நிறுத்திவிடலாம். ஆனால் ஈதர்நெட்டுக்கே முன்னோடி ஒரு கம்பியில்லா வலைதான். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழு, தீவுகளில் இருந்த கணினி முனையங்களை வானொலி அலையால் இணைத்தது. அலோஹா என்று பெயர். தோன்றியபோது பேசு, பதில் வராவிட்டால் திரும்பப் பேசு, விதி அவ்வளவே. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, எல்லாரும் இப்படி நினைத்தபோதெல்லாம் பேசினால் அலைவழியின் நேரத்தில் உச்சமாக 18 சதவீதம்தான் உருப்படியாகப் போய்ச் சேரும் என்று தெரிந்தது. மீதி மோதலும் வெறுமையும். பேச ஆரம்பிக்கும் நேரத்தை மட்டும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தார்கள். சேருவது இரண்டு மடங்கானது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

வைஃபை அதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. பேசுமுன் காது கொடு. காற்று காலியாக இருந்தாலும் சற்றுப் பொறு. எவ்வளவு பொறுப்பது என்பதைக் குலுக்கிப் போட்டு எடு. மோதிவிட்டால் குலுக்கலின் எல்லையை இரட்டிப்பாக்கு: 15, 31, 63 என்று 1023 வரை. தோற்றவன் கத்துவதில்லை, இன்னும் கூடுதலாகக் காத்திருக்கிறான். இதை மேற்பார்க்கத் தெருவில் யாரும் இல்லை. நகைக்கடையும் விடுதியும் பூக்கடையும் ஒன்றையொன்று அறியாமல், ஒரே காற்றில், நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி வழிவிட்டுக் கொள்கின்றன.

இவ்வளவு பொறுத்தும் சொன்னது சேர்ந்ததா என்ற கேள்வி நிற்கிறது. பேசியவருக்கு அதை அறிய ஒரே வழிதான் உண்டு: கேட்டவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு துண்டு செய்தி கிடைத்ததும், நொடியில் லட்சத்தில் ஓரிரு பங்கு நேரத்தில் ஓர் ஒப்புகை திரும்பிக் கிளம்புகிறது. அது வராவிட்டால் சொன்னது சொல்லாததற்குச் சமம். துணிக்கடைக்காரரின் தாயாரிடம் பழைய தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய காலத்தில், ஊருக்குப் பதிவுத் தபால் அனுப்பித் திரும்பிவந்த ஒப்புகைச் சீட்டுகளை அதில் அடுக்கி வைத்திருக்கிறார். அனுப்பிய கடிதங்களின் நகல் அவரிடம் ஒன்றுகூட இல்லை. பெற்றுக்கொண்டேன் என்று யாரோ இட்ட கையெழுத்துகள் மட்டும் இருக்கின்றன. அவற்றை எனக்குக் காட்டியபோது, "இது வந்தாதான்ப்பா அன்னைக்குச் சாப்பாடு இறங்கும்" என்றார்.

எல்லாருக்கும் என்று ரௌட்டர் பொதுவாகச் சொல்லும் செய்திகளுக்கு ஒப்புகை கிடையாது. சேராவிட்டால் அது அறியாது, திரும்பச் சொல்லாது. முகவரி தரும் பதிலும் அப்படிப் பொதுவாகச் சொல்லப்படலாம். பின்கட்டுக் கணினி இரைச்சலில் தவறவிட்டதும் அதைத்தான் என்பது என் கணிப்பு.

இந்த நீண்ட வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்கூடத்துக் கணினியின் குரல் சுவர்களைத் தாண்டிப் பின்கட்டுக்கு எட்டாது. அடுக்களையில் இருக்கும் கைப்பேசியின் குரல் முன்கூடத்துக்கு எட்டாது. நடுவில் இருக்கும் ரௌட்டருக்கு இரண்டும் கேட்கும். இரண்டும் பேசுமுன் ஒழுங்காகக் காது கொடுக்கின்றன. இரண்டுக்கும் காற்று காலியாகவே தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பேசி நடுவில் மோதுகின்றன. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அவரவர் கேட்டதை நம்பி அவரவர் நேர்மையாக நடந்தார்கள். இதற்கு வைஃபையில் இருக்கும் தீர்வு, பேசப் போகிறேன் என்று ரௌட்டரிடம் முதலில் அனுமதி கேட்பது. பேசலாம் என்று ரௌட்டர் சொல்லும் பதில் இரு அறைக்கும் எட்டும். கேட்காதவனும் தனக்குக் கேட்காத ஒருவன் இருக்கிறான் என்று அதிலிருந்து தெரிந்து அமைதியாகிறான். ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பேச்சில்லாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளை இந்தத் தெருக்களில் நான் அறிவேன். இருவருமே நல்லவர்கள். நடுவில் ஒரு தாய் இருந்தவரை இருவருக்கும் மற்றவர் இருப்பது தெரிந்தது.

குரல் எவ்வளவு ஓங்கினாலும் அது நம்முடைய பாதிதான். பேச்சு சேர்கிற இடம் கேட்பவரின் செவி. அங்கே நமக்கு அதிகாரமில்லை. நம் கையில் இருப்பது நம் செவி மட்டும். அதை எவ்வளவு நுட்பமாக வைத்துக்கொள்கிறோமோ அவ்வளவு தூரம் மற்றவர்கள் நம்மை வந்து அடைகிறார்கள். வைஃபையின் வேகத்துக்கு உதவிய கணக்குகளில் ஒன்று ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் குழுவிடமிருந்து வந்தது. அவர் அதற்கு முன்பு, வெடிக்கும் சிறு கருந்துளைகளின் மெல்லிய ஒலியை வானத்தில் தேடிக்கொண்டிருந்த வானொலி வானியலாளர். தேடியது கிடைக்கவில்லை. மங்கிக் குழம்பிய அலையிலிருந்து செய்தியைப் பிரித்துக் கேட்கப் பழகியது, எதிரொலி நிறைந்த அறைகளுக்குள் நமக்குப் பயன்பட்டது.

துணிக்கடைக்காரருக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. அதிக வலுவில் அனுப்பும் அடாப்டர் ஒன்றை வேறு கடையில் பார்த்தாராம், வாங்கிவிடலாமா என்று கேட்டார். அனுப்பும் வலுவைக் கூட்டினால் இங்கிருந்து போகும் குரல் மட்டும்தான் பெரிதாகும், அண்ணே, என்றேன். நல்ல ஆண்டெனா என்றால் போவதற்கும் வருவதற்கும் ஒரே அளவில் உதவும். வாங்குவதானால் அதைப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் முன்னால், முன்கூடத்துக் கல்லாவுக்குப் பின்னே ஒளித்து வைத்திருக்கும் ரௌட்டரை முற்றத்துப் பக்கம் கொண்டுவாருங்கள், அங்கே சுவர் குறைவு. மழை பெய்தால் முற்றத்தில் சாரல் அடிக்குமே என்றார். தூணில் உயரமாக ஒரு பலகை அடித்து, மேலே மூடி போடலாம் என்று இருவரும் அளவெடுக்கப் போனோம்.