அறத்தீர்ப்பும் அரசியற் சார்பும்: உளவியல் நோக்கில் ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஒரு செயல் அறமா, அன்றா எனத் தீர்ப்பளிக்கும் மனிதர் முதலில் ஆராய்ந்து பின்னர் முடிவுக்கு வருகின்றனரா, அல்லது முடிவினை முதலிற் கொண்டு காரணங்களைப் பின்னர்த் தேடுகின்றனரா என்பது மெய்யியலில் பழமையான வினா. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் அறத்தின் வேரை உணர்ச்சியிற் கண்டார். இமானுவேல் கான்ட் அதனைப் பகுத்தறிவிற் கண்டார். அண்மைக்கால உளவியல் இவ்வினாவைக் கள ஆய்வுக்கு உட்படுத்தியுள்ளது. அவ்வாய்வின் இன்றியமையாக் களங்களுள் ஒன்று ஒடிசாவின் புவனேசுவரம் ஆகும். அங்குக் கிளைத்த கருத்துகள் அரசியற் சார்பினை விளக்கும் முறையையும் அவ்விளக்கத்தின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புவனேசுவரமும் சிகாகோவும்

லாரன்ஸ் கோல்பெர்க் அறவளர்ச்சியை ஆறு படிநிலைகளாகப் பகுத்தார். தண்டனைக்கு அஞ்சுதல் அதன் தொடக்கம். உலகப் பொதுவான நீதிநெறி அதன் உச்சம். இவ்வளவுகோலின்படி, மரபையும் கடமையையும் முதன்மையாகக் கொள்வோர் இடைப்படியில் நின்றுவிட்டவராகவே தோன்றுவர். ரிச்சர்டு சுவேடரும் அவர்தம் குழுவினரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதனை ஐயுற்றது. கைம்பெண் ஒருத்தி மீன் உண்பதைப் புவனேசுவரத்தார் வெறும் வழக்கமீறலாகக் கொள்ளவில்லை, அறப்பிழையாகவே கொண்டனர். சிகாகோவினர்க்கோ அஃது அவளது சொந்த விருப்பம். இதனின்றும் தன்னுரிமை அறம், சமுதாய அறம், தெய்விக அறம் என்னும் முப்பகுப்பினைச் சுவேடர் பின்னர் உருவாக்கினார்.

எலியட் டூரியல் முதலானோர் இதற்கு வலுவான மறுப்பு ஒன்றை முன்வைத்தனர். அவள் மீன் உண்டால் இறந்த கணவனின் ஆவி வருந்தும் என நம்புபவர், பிறர்க்குத் தீங்கு செய்யலாகாது என்னும் பொதுநெறியையே பின்பற்றுகின்றார். ஆகவே வேறுபடுவது விழுமியம் அன்று, உலகைப் பற்றிய நம்பிக்கையே என்பது அவர்தம் வாதம். இவ்வேறுபாடு சிறியதன்று. நம்பிக்கையைச் சான்றால் சோதிக்க இயலும். விழுமியத்தை அவ்வாறு எளிதிற் சோதிக்க இயலாது.

உள்ளுணர்வும் அரசியலும்

சுவேடரின் வழிவந்த ஜோனதன் ஹைட், 2001இல் வெளியிட்ட கட்டுரையில் உள்ளுணர்வே தீர்ப்பினை முந்தி வழங்குகிறது என்றும், காரணங்காட்டல் பெரும்பாலும் அதற்கு வாதாடும் வழக்கறிஞராகவே செயற்படுகிறது என்றும் கூறினார். 2009இல் ஜெசி கிரகாம், பிரையன் நோசெக் ஆகியோருடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு இதனை அரசியலோடு பொருத்தியது. பரிவு, நேர்மை, குழுப்பற்று, அதிகாரத்திற்கு மதிப்பு, தூய்மை என்னும் ஐந்து அடிப்படைகளுள் முதலிரண்டினையே தாராளவாதிகள் பெரிதும் சார்ந்திருப்பர். பழமை பேணுவோர் ஐந்தினையும் ஏறத்தாழ ஒப்பக் கருதுவர் என்பது அதன் முடிபு.

இப்பகுப்பினை நம் நாட்டு அரசியலுக்கு அவ்வாறே பொருத்துதல் பொருந்தாது. ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் சமத்துவத்தைக் குறிக்கோளாகக் கொண்டே குழுப்பற்றினால் வலிமை பெறுகின்றன. நேர்மை என்பதும் ஒருபொருட்சொல் அன்று. யாவர்க்கும் சமமாகப் பகிர்தல் ஒன்று. உழைப்பிற்கும் தகுதிக்கும் ஏற்பப் பகிர்தல் மற்றொன்று. இவ்விரண்டினையும் தனித்தனி அடிப்படைகளாகக் கொள்ளவேண்டும் என 2023இல் மொகமது அதாரி முதலியோர் திருத்தினர். இடஒதுக்கீடு குறித்த வாதங்களில் இரு தரப்பினரும் நேர்மையின் பெயராலேயே பேசுதல் இத்திருத்தத்தின் தேவையைப் புலப்படுத்தும்.

விளக்கமும் நியாயமும்

இங்கு முதன்மையான வினா எழுகின்றது. தூய்மையுணர்வு மனித மனத்தின் ஓர் அறவடிப்படை என்றால், அதன்வழிப் பிறக்கும் தீர்ப்பினை மதிக்கவேண்டுமா? தீட்டு என்னும் கருத்தும் தூய்மையுணர்வின் விளைவே. சாதியை அழித்தொழித்தல் குறித்து 1936இல் எழுதிய அம்பேத்கர், சாதி மதக் கட்டளையினால் புனிதம் பெற்று மனத்தில் வேரூன்றியுள்ளது என்பதை நன்குணர்ந்திருந்தார். எனினும், ஆழ்ந்த உணர்வு என்பதனால் அது நியாயமாகிவிடும் என ஒப்பவில்லை. ஓர் உணர்வு எவ்வாறு தோன்றுகிறது என விளக்குதல் வேறு. அதனைச் சரியெனக் காட்டுதல் வேறு. மேலும், சமுதாய அறத்தின் பெயரால் பேசுவோர் யார் என்பதும் கேட்கத்தக்கது. கைம்பெண் எதனை உண்ணலாம் என்னும் விதியின் சுமை முழுவதும் அவள்மேல் விழுகையில், சமுதாயத்தின் ஒருமித்த குரல் மட்டும் சான்றாகாது.

அவ்வாறாயின், உள்ளுணர்வைத் திருத்தும் வழி யாது? ஹைட்டின் கோட்பாட்டிலேயே இதற்கு ஒரு வாயில் உண்டு. தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்வது அரிது. பிறர் கூறும் காரணம் அதனைத் திருத்தவல்லது என்பர். சிலப்பதிகாரப் பாண்டியன் பொற்கொல்லன் சொற்கேட்டு விரைந்து தீர்ப்பளித்தான். அவன் அவையில் தானே எண்ணித் திருந்தவில்லை. கண்ணகி எதிர்நின்று சிலம்பினை உடைத்துக் காட்டிய பின்னரே பிழையுணர்ந்தான். அவள் அரண்மனை வாயிலில் தடுக்கப்பட்டிருப்பின் அத்தீர்ப்பு நீதியாகவே நிலைத்திருக்கும்.

முடிவுரை

அரசமைப்பு ஒழுக்கம் இயல்பாய் அமையும் உணர்வன்று, பயின்று வளர்க்கப்படவேண்டியது என 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எடுத்துரைத்தார். உள்ளுணர்வின் வலிமையை உளவியல் எத்துணை மெய்ப்பிக்கின்றதோ, அத்துணை இக்கூற்றின் தேவையும் மிகுகின்றது. மாற்றுக் கருத்தினரை அறமற்றவர் என ஒதுக்காமல் அவர்தம் அறவடிப்படையை அறிய இவ்வாய்வுகள் துணைபுரியும். ஆயின் அறிதல் தீர்ப்பினைக் கைவிடுதல் ஆகாது. தீர்ப்பினால் பாதிக்கப்படுவோரின் குரல் எட்டும் வகையில் அவைகளையும் நிறுவனங்களையும் அமைத்தலே நடுவுநிலைமைக்கு உரிய வழி எனலாம்.