வராதவன் மீது தீர்ப்பு

"கோர்ட்டில் டிக்ரி வாங்கிவிட்டேன் ஹஜ்ரத், இனி அந்தப் பணம் எனக்கு ஹலால்தானே?" என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. கேள்வி சிறியதுதான். ஆனால் விருதுநகர் ஜில்லாவில், குறிப்பாகச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு வட்டாரத்தில், இதற்குப் பதில் சொல்லுமுன் அந்த டிக்ரி எவ்விதம் கிடைத்தது என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

வழக்காடுபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை உள்ளவராக இருக்கலாம். தாம் கேட்டதை வைத்தே தீர்ப்பளிப்பதால் ஒருவனுக்குத் தன் சகோதரனின் உரிமை போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படிச் சேர்ந்தால் அவன் பெறுவது நெருப்பின் ஒரு துண்டுதான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நபியவர்களின் சபையில் கிடைத்த தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது எனில், முன்ஸிப் கோர்ட்டின் முத்திரை ஆக்கிவிடுமா?

அந்தச் சபையில் இரு தரப்பாரும் நேரில் நின்று பேசினார்கள். ஒரு தரப்பு வாயே திறக்காத வழக்கைப் பற்றி என்ன சொல்வது?

பட்டாசுத் தொழிலாளிக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. மழை பெய்தால் மருந்து காயாது, வேலை நிற்கும். ஆய்வுக்கு அஞ்சி ஆலைகள் மூடிக்கிடக்கும் நாட்களும் உண்டு. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது மாதக்கணக்கில் வேலையின்றித் தவித்த வீடுகள் எத்தனையோ. அந்த நாட்களில் அடுப்பு எரிவது கடனில்தான். புரோநோட்டில் கையெழுத்து, சில வேளை தொகை எழுதாத தாளிலேயே கையெழுத்து. (அதில் ஏறும் வட்டியைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.) பிறகு ஐந்நூறும் ஆயிரமுமாகத் திருப்பிக் கொடுப்பார்கள், ரசீது கேட்க நா எழாது. மூன்று வருடக் கெடு முடியும் சமயத்தில் முழுத் தொகைக்கும் தாவா தாக்கலாகும். சம்மன் வரும். போனால் அன்றைய கூலி போயிற்று. வக்கீலுக்கு வேறு கொடுக்க வேண்டும். போன அன்றே முடியுமென்பதும் இல்லை. ஆகவே அவர் போவதில்லை. கோர்ட்டில் பெயரைக் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. எக்ஸ்பார்ட்டி டிக்ரி!

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை எமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரண்டாமவர் சொல்வதைக் கேட்காமல் முதலாமவருக்குத் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபியவர்கள் அறிவுரை கூறினார்கள். இதனால்தான் வராதவன் மீது தீர்ப்பளிப்பது பற்றி நம் இமாம்கள் நீண்ட ஆராய்ச்சி செய்துள்ளார்கள். ஹனஃபி மத்ஹபில் அவன் சார்பாக ஒருவர் இல்லாமல் தீர்ப்பு செல்லாது. ஷாஃபியீ மத்ஹபில் செல்லும். ஆனால் சாட்சி போதாது. கடன் இன்னும் தீர்க்கப்படாமல் நிற்கிறது என்று வழக்குத் தொடுத்தவன் சத்தியமும் செய்ய வேண்டும். ஏன் இந்தச் சத்தியம்? வராதவன் இருந்திருந்தால் "கொடுத்துவிட்டேன்" என்று சொல்லியிருப்பானோ என்பதற்காக! அவன் சொல்ல முடியாததை அவனுக்காக நீதிபதி கேட்கிறார்.

இந்தியச் சட்டமும் வராதவனை அடியோடு மறந்துவிடவில்லை. எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்துச் செய்ய முப்பது நாட்களுக்குள் மனுப் போடலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ம் பிரிவு, தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீட்டையும் அவருடைய கூலியையும் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. ஆனால் இதையும் அவர் நேரில் வந்து சொன்னால்தான் உண்டு. அறியாதவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள நிலத்தையும் நகையையும் விற்கிறார்.

கோர்ட்டுச் சொற்களில் பாதி நம் அரபுச் சொற்கள். முன்ஸிப் என்றால் இன்ஸாஃப், அதாவது நியாயம், செய்பவர். வாய்தா என்றால் வாக்குறுதி! ஒரு வாய்தாவுக்குப் பிறகு மறு வாய்தா என்று அலைபவரிடம் இந்தப் பொருளைச் சொன்னால் சிரிப்பார்.

ஏழை வாதியாக நிற்க நேர்ந்தால் மற்றொரு வாசல் அடைத்துக் கிடக்கிறது. அதுதான் கோர்ட்டுக் கட்டணம். தமிழ்நாட்டில் வழக்கின் மதிப்பில் நூற்றுக்கு ஏழரையாக இருந்ததை 2017-ல் மூன்றாகக் குறைத்தார்கள், நல்ல காரியம். கட்டவே வழியில்லாதவருக்கு 33-வது கட்டளைப்படி விலக்கு உண்டு. ஆனால் தாம் ஏழை என்பதையே முதலில் நிரூபிக்க வேண்டும். ஹரியானாவில் அரசு பஸ் மோதிக் குடும்பத் தலைவரை இழந்த தாயும் மகளும் நஷ்டஈடு கேட்டபோது, கட்டணம் கட்டு என்று அரசாங்கமே சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வாதாடியது. 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடிந்து தள்ளிவிட்டார்.

நீதி தானாக ஏழையைத் தேடி வந்ததும் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் யாரும் மனுப் போடாமலே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. பத்திரிகையில் நாலு வரிகூட வராத விபத்தில் ஒருவர் மட்டும் இறந்தால்? அவருடைய மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நீட்டப்பட்ட தாளில் கைநாட்டு வைக்கிறார். சமாதானம் நன்மையானது என்பது திருமறையின் வாக்கு. ஆனால் மறுநாள் அரிசிக்கு வழியற்றவர் தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ண நமக்கு மனம் வரவில்லை.

கோர்ட்டுகள் செய்ய வேண்டியது அரிதானதன்று. பிரதிவாதி வராவிட்டால், கடனில் எவ்வளவு திரும்ப வந்தது என்று வாதியைச் சத்தியத்தின் மீது விசாரித்து ஏட்டில் பதிய வேண்டும். சம்மனோடு, உமக்கு இலவச வக்கீல் உண்டு, வீடும் கூலியும் ஜப்தியாகாது என்று தெளிந்த தமிழில் ஒரு தாள் இணைக்க வேண்டும். சிறு கடன் வழக்குகளை விடுமுறை நாளில், தொழிலாளர் வாழும் ஊரிலேயே விசாரிக்கலாம். கோர்ட்டே கிராமத்துக்குப் போகட்டும் என்றுதான் 2008-ல் கிராம நியாயாலயச் சட்டம் இயற்றப்பட்டது. அமைப்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டதால் பல மாநிலங்கள் ஆர்வம் காட்டவில்லை.

நம்மவர்களில் கடன் கொடுத்தவர்களும் பட்டாசு வியாபாரிகளும் இருக்கிறார்கள். எக்ஸ்பார்ட்டி டிக்ரி கையிலிருப்பவர், அமீனாவை அனுப்புமுன் கடனாளியின் வீட்டுக்குப் போய், வந்த தொகையை அவர் வாயாலேயே கேட்டுக் கழித்துவிடட்டும். "ஹலால்தானே?" என்பவருக்கு நம் பதில் இதுதான்.

ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு விஷயத்தை அறிவிக்கலாம். ஜில்லாக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாலும், இலவசச் சட்ட உதவி மனுவை அந்தந்தத் தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப்பணிகள் குழுவிலேயே கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. போனில் கேட்க 15100.