சேரி: சொல்லின் தொன்மையும் சொல்வோரின் பொறுப்பும்

நாள்தோறும் வழங்கும் சொல் ஒன்று ஒருவருக்கு வெறும் இடப்பெயராகவும் மற்றொருவருக்கு இழிசொல்லாகவும் அமையுமாயின், அதன் பழம்பொருளை எடுத்துக்காட்டி இன்றைய வழக்கை நியாயப்படுத்துதல் அறமாகுமா? 'சேரி' என்னும் சொல்லை முன்வைத்து இவ்வினாவை ஆராய முற்படுகிறது இக்கட்டுரை. மும்பையின் தாராவியைத் தமிழ் இதழ்கள் 'ஆசியாவின் மிகப்பெரிய சேரி' என்று எழுதிவருவதே இதற்கு உடனடிக் காரணம்.

சேர் என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதே அடிப்படைப் பொருள். குறுந்தொகையின் 231ஆம் பாடலில், தலைவன் ஒரே ஊரில் வாழ்ந்தும் தன் சேரிக்கு வாராமையைச் சொல்லித் தலைவி வருந்துகிறாள். இங்குச் சேரி என்பது தலைவியின் தெரு. ஊருக்குள் அடங்கிய ஒரு பகுதி. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியோ மதுரை மதிலுக்கு வெளியே அமைந்தது. ஆயினும் அங்கு உறைவோர் அறவோர். வெளியே இருத்தல் அக்காலத்தில் தாழ்வைக் குறிக்கவில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பிராமணர் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவன. அவ்வூர் முப்பது குடும்புகளையும் பன்னிரண்டு சேரிகளையும் கொண்டது. சேரியில் வாழ்ந்தோர் பிராமணர் என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கன. முதலாம் இராசராசன் கோயிலைச் சூழ நானூறு ஆடல் மகளிரைக் குடியமர்த்திய இடம் தளிச்சேரி. அக்கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களாக ஊர்நத்தத்தையும் சுடுகாட்டையும் குறிப்பிடுவதோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றையும் குறிக்கின்றன. ஒரே மன்னன், ஒரே கோயில். சேரி என்னும் சொல் இருவகையாருக்கும் பொது; இழிவைச் சுமப்பது 'தீண்டா' என்னும் அடைமொழியே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவாரின் குடியிருப்பைப் 'புலைப்பாடி' என்கிறார். அங்கும் இழிவு அடைமொழியில்தான் உள்ளது. பாடி என்னும் பெயருக்கு மாசில்லை.

பின்னாளில் அடைமொழி உதிர்ந்தது. அதன் பொருள் மட்டும் சேரியில் தங்கிவிட்டது. ஊரின் உட்பகுதியாயிருந்த சேரி, 'ஊரும் சேரியும்' என ஊருக்கு எதிர்ச்சொல்லாயிற்று. வேளச்சேரி, புதுச்சேரி முதலிய கூட்டுப்பெயர்கள் மட்டும் இம்மாற்றத்திலிருந்து தப்பின.

2023 நவம்பரில் திரைக்கலைஞரும் அரசியலாளருமான ஒருவர் தம் சமூக ஊடகப் பதிவில் 'சேரி மொழி' என்னும் பொருள்படும் தொடரை எள்ளலாக ஆண்டபோது கண்டனம் எழுந்தது. அச்சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் அன்புக்குரியவர் எனப் பொருளுண்டு என்பது அவர் தரப்பு விளக்கம். ஒலியொப்புமையைச் சான்றாக்கும் இவ்விளக்கத்தை மறுக்க மொழிநூல் தேவையில்லை. (மும்பைச் செம்பூரைத் தமிழெழுத்தில் எழுதியவுடன் 'செம்மை + ஊர்' எனப் பிரித்து மகிழும் நம்மவர் வழக்கமும் இத்தகையதே.) ஆனால் தமிழாய்வாளரிடம் இதனினும் வலிய சான்று உண்டு என்பதே சிக்கல். தொல்காப்பியச் செய்யுளியல், எண்வகை வனப்புகளுள் ஒன்றாகிய புலனை விளக்குமிடத்துச் 'சேரிமொழி' என்னும் தொடரையே ஆள்கிறது. ஆராய்ந்து பொருள்காண வேண்டாத தெளிந்த வழக்குமொழி என்பது அங்கே கருத்து. அது செய்யுளுக்கு அழகு. இச்சான்றைக் காட்டி எள்ளலை மழுப்ப முடியுமா? முடியாது. எள்ளியவர் தொல்காப்பியரின் பொருளில் ஆளவில்லை. கேட்டவரும் அப்பொருளில் கேட்கவில்லை. சொல்லின் தொன்மை, சொல்பவருக்குப் புகலிடமாகாது. நூற்பாவை அறிந்த நாம் அதனைப் புகலிடமாகக் காட்டுவோமாயின், அறியாது சொன்னவரினும் நம் பிழை பெரிது.

தாராவிக்கு வருவோம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகக் குடியேறிய தமிழர், குஜராத்திலிருந்து வந்த குயவர், உத்தரப்பிரதேசத்து முஸ்லிம்கள், இவர்கள் அனைவருக்கும் முற்பட்ட கோலி மீனவர் எனப் பலரும் வாழும் இடம் அது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'ஸ்லம்' என்னும் சொல் இலண்டன் கொச்சை வழக்கில் அறை என்னும் பொருளில் தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம், நலவாழ்வுக்கு ஊறு விளைவிக்கும் இடநெருக்கடி, வசதிக்குறைவு ஆகியவற்றைக் கொண்டே அதனை வரையறுக்கிறது. பிறப்பைக் கொண்டு அன்று. அச்சட்டப்பெயரால் ஓர் உரிமையும் கிட்டும். 2000 சனவரி 1ஆம் நாளுக்கு முன்பே குடியிருந்தமைக்குச் சான்று காட்டுவோருக்கு மறுகுடியமர்த்தலில் இலவச வீடு உண்டு. ஆகவே அப்பெயரை விரும்பாதவரும் அது பொறித்த தாளைப் பேணுகின்றனர். சேரி என்னும் பெயரால் எவ்வூரிலும் எவர்க்கும் இத்தகைய உரிமை கிட்டியதில்லை.

இவ்வேறுபாட்டைக் கருதாது 'ஸ்லம்' என்பதைச் சேரி என மொழிபெயர்த்தால் இருவகைத் தீங்கு விளைகிறது. பல சமயத்தாரும் பல மொழியினரும் வாழும் தொழிற்பகுதி சாதிக் குடியிருப்பாகத் தோற்றம் கொள்கிறது. மறுபுறம், நெல்லைச் சிற்றூரின் சேரி வெறும் வறுமையின், துப்புரவின்மையின் விளைவாகக் கருதப்பட்டு, அதனை ஊரிலிருந்து பிரித்த சாதி பார்வையிலிருந்து மறைகிறது. பின்னதே பெருந்தீங்கு என்பது இக்கட்டுரையாளர் துணிபு. தாராவித் தமிழர் தம் இருப்பிடத்தைச் சால், கல்லி, நகர் என்று குறிக்கக் கேட்டதுண்டு. சேரி எனத் தாமே குறிக்கக் கேட்டதில்லை. 'ஊர்' என்றால் அவர்களுக்கு இன்றும் திருநெல்வேலியே.

சொல்லை மாற்றினால் போதுமெனக் கருதுவோர் உளர். 1970இல் தொடங்கிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. சிற்றூர்களில் அரசு கட்டித்தந்த வீடுகள் 'காலனி' எனப்பட்டன. சேரிக்கு மாற்றாக வந்த அச்சொல்லும் ஒரு தலைமுறைக்குள் சேரியின் பொருளையே ஏற்றுக்கொண்டது. 2025 ஏப்ரலில் அதனை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. மும்பையிலோ மாதுங்காவை ஒட்டிய தாதர் பார்சி காலனி, மரநிழற் சாலைகளுக்குப் பெயர்பெற்ற மதிப்புமிக்க குடியிருப்பு. நெல்லைச் சிற்றூரின் காலனியில் பிறந்து தாராவிக்கு வந்த ஒருவர் அரைமணி நேரம் நடந்தால் அப்பெயர்ப்பலகையைக் காணலாம்.