வேலை வீட்டுக்குள் வருமுன்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சென்னையிலும் பெங்களூரிலும் ஐடி வேலை பார்த்த பிள்ளைகள் பலர் நெல்லைச் சீமைக்குத் திரும்பினார்கள். வீட்டிலிருந்தே வேலை என்பது அன்று புதுமையாகப் பேசப்பட்டது. முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் மேலப்பாளையத்துக்கும் அது புதிதல்ல. அங்கே பெண்கள் தலைமுறைகளாக வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை தனக்கு ஒத்துவருமா என்று யோசிக்கிறவர்கள் அவர்களுடைய ஒரு நாளை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மடியில் சொளவு என்கிற முறம். அதில் நனைத்து வெட்டிய இலை, புகையிலைத் தூள், நூல்கண்டு. இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டுகிற விரல்கள் அடுப்பில் பால் பொங்கும்போதுதான் நிற்கும். பிள்ளைக்குச் சோறு ஊட்டியதும் மறுபடி சொளவு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. அதனால் பொழுது அடைந்த பிறகும் கை ஓடுகிறது. சுற்றியதை வாங்கும் கடைக்குக் கொண்டுபோனால் சரியில்லாதவற்றைக் கழித்துவிடுவார்கள். தூசியோ, தொட்டில் தொங்கும் அதே அறையில்தான். இத்தனைக்கும் பிறகு, "வீட்டுல சும்மாதான இருக்கா" என்கிறது ஊர்.

இந்த வார்த்தைதான் என்னை வருத்துகிறது. வீட்டுக்குள் செய்கிற உழைப்பு வீட்டாரின் கண்ணுக்கே தெரியாமல் போகிறது. வீட்டில் பீடி சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று ஏற்க 1966-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அவர்களுக்கும் வைப்புநிதி உண்டு என்பதை 1985-இல் உச்ச நீதிமன்றம்வரை போய் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

மடிக்கணினிக்கு முன் உட்கார்கிறவர் நிலை இவ்வளவு கடுமையானதல்ல, சம்பளமும் வேறு. ஆனாலும் கேள்விகள் அவையேதான். வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, முடிந்தது என்று சொல்வது யார்? கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா? மருமகள் மீட்டிங்கில் இருக்கும்போது காப்பி போட வேறு யாராவது எழுந்திருப்பார்களா? ஒரே வீட்டில் ஆணுக்குக் கிடைக்கும் அமைதி பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. அதை மறைத்து எடுக்கிற முடிவு நேர்மையானதல்ல. வேலைக்குப் புதியவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கிற காலத்தை வீட்டில் கழித்துவிடாதீர்கள்.

படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ள, கைக்குழந்தையைப் பிரியாமல் இருக்க, வீட்டிலிருந்தே வேலை பெரிய வரம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பலருக்கு உண்மையில் வேண்டியிருப்பது வீடா, ஊரா? தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. குற்றாலச் சாரல் அடிக்கிற ஊரிலேயே இருக்கலாம். வேலைக்கு என்று தனிக் கூரையும் உண்டு. அப்படி ஓர் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்து வேலை செய்வதைவிட அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கிடைக்காதவர்கள் மேலாளரிடம் கேட்பதற்கு முன் வீட்டாரிடம் பேசுங்கள். எந்த நேரம் வேலை, எந்த அறை, அந்த நேரத்தில் அடுப்படி யார் பொறுப்பு என்பதை எல்லோரும் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சுக்கு வீடு இணங்கவில்லையென்றால், பஸ் ஏறி அலுவலகம் போவதே உங்களுக்கு நல்லது.