நள்ளிரவில் வந்தவள்

கல்லூரி விடுதியில் எதிர் அறைக்காரன் ஒருவன் திடீரென்று தாடி வளர்க்கத் தொடங்கினான். மூன்றாவது வாரத்தில் அவனுடைய சொந்தப் பெயர் மறைந்து ‘தேவதாஸ்’ ஆகிவிட்டான். அவன் குடித்த டீக்கு நாங்கள் காசு கொடுத்தோம். அவனுக்காக வருகைப் பதிவில் குரல் கொடுத்தோம். அவன் காதலித்த பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகுமுன் அவள் இவனைத் தேடிவந்து, “வீட்டில் பேசு” என்று கேட்டிருந்தாள். அப்பாவுக்குப் பயந்து இவன் பேசவில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் டீ இவனுக்குத்தான்.

எங்களை அப்படிப் பழக்கியது 1953இல் வந்த ‘தேவதாஸ்’ படம். நாகேஸ்வர ராவின் சோர்ந்த கண்கள், சாவித்திரியின் முகம், கண்டசாலாவின் குரல். படத்தைப் பார்க்காதவர்கள் வாயிலும் அந்தப் பெயர் புகுந்துவிட்டது. அதற்கு மூலமான சரத்சந்திரரின் நாவலை நான் படித்தது பல வருடம் கழித்துத்தான். 1917இல் வெளிவந்த அந்தச் சிறிய புத்தகத்தில் நான் தேடிப்போன காதல் நாயகன் இல்லை.

பார்வதிதான் இருந்தாள். அந்தக் காலத்து வங்காளக் கிராமத்தில், ஊர் என்ன சொல்லும் என்று தெரிந்தே, நள்ளிரவில் தனியாக தேவதாஸின் அறைக்கு நடந்து வருகிறாள். பதறுவது அவன். பிறகு கல்கத்தாவுக்கு ஓடிப்போய், உன்மேல் எனக்கு அப்படியொன்றும் பெரிய ஆசை இருந்ததில்லை என்கிற தொனியில் ஒரு கடிதம் போடுகிறான். மனம் மாறித் திரும்பி வரும்போது அவள் மறுக்கிறாள். அவள் நெற்றியில் அடித்துக் காயப்படுத்துகிறான். அந்தஸ்து, சாதி, ஜமீன் எல்லாம் கதையில் உண்டுதான். ஆனால் கதவைத் தாண்டி வந்தவள் பக்கம் நிற்க இவனுக்கு முதுகெலும்பு இல்லை. அதற்கப்புறம் குடித்ததையெல்லாம் நாம் காதல் கணக்கில் வரவு வைத்துவிட்டோம்.

பழைய கதையைப் புதிதாக்குவது என்றால் குதிரை வண்டிக்குப் பதில் கார், கடிதத்துக்குப் பதில் செல்போன் என்று பலர் நினைக்கிறார்கள். 2002இல் சஞ்சய் லீலா பன்சாலி மாளிகைகளைப் பெரிதாக்கினார், நாவலில் சந்தித்தே கொள்ளாத பார்வதியையும் தாசி சந்திரமுகியையும் சேர்ந்து ஆடவிட்டார். கண்ணுக்கு விருந்து, ஒப்புக்கொள்கிறேன். அழவேண்டியது யாருக்காக என்பதில் மட்டும் மாற்றமில்லை.

2009இல் அனுராக் காஷ்யப் எடுத்த ‘தேவ் டி’ அதில்தான் கைவைத்தது. பஞ்சாபில் அந்தப் படத்தின் பார்வதியான பாரோ சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்புகிறாள். நள்ளிரவில் வந்தவளின் பேத்தி என்றே சொல்லலாம். தேவ் அவளை உதறுவது அந்தஸ்துக்காக அல்ல, எவனோ சொன்ன ஒரு அவதூறை நம்பி. இந்தக் காலத்துக்கு இதைவிடச் சரியான மாற்றம் எனக்குத் தோன்றவில்லை. குடித்துவிட்டு அவன் ஓட்டும் கார் மனிதர்கள் மேல் ஏறுகிறது. குடி அவன் சொந்தச் சோகம் என்ற சலுகை அதோடு போயிற்று. கடைசியில் அவன் சாவதும் இல்லை.

சாகாவிட்டால் அது தேவதாஸா என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவன் செத்ததால்தான் நூறு வருடமாக யாரும் அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றேன். பிழைத்தவன் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் படத்திலும் அவன் பதில் சொல்லாமல் இன்னொரு பெண்ணின் தோளில் சாய்ந்து சுலபமாகத் தப்பிக்கிறான் என்பது என் குறை.

மூலக் கதையில் அந்த இன்னொரு பெண் சந்திரமுகி. 1955இல் பிமல் ராய் எடுத்த ‘தேவதாஸ்’ படத்தில் சந்திரமுகியாக நடித்தவர் நம் வைஜயந்திமாலா. தொழிலையே விட்டு, அவனைத் தேடிக் கண்டுபிடித்துப் பணிவிடை செய்யும் பெண். சிறந்த துணை நடிகைக்கான பிலிம்ஃபேர் விருது கிடைத்தபோது, தன் வேடமும் பார்வதிக்குச் சமமானது, துணை வேடம் இல்லை என்று சொல்லி அதை வாங்க மறுத்துவிட்டார். கதையை மிகச் சரியாகப் படித்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு தேவதாஸை யாராவது எடுக்கத்தான் போகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நள்ளிரவில் அவன் அறையிலிருந்து அவள் வெளியே வருவாள் அல்லவா? கேமராவை அவனிடம் விட்டுவிடாமல், அவள் வீடு வரைக்கும் கொண்டுபோங்கள்.